கடிதம் எடுக்கப் போய்க் கையை முறிக்காதே!

கனடாவில் மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்த தங்கச்சிமார், தம்பிமாருக்குத்தான் இது. அங்கே பல இடங்களில் தபால் வீட்டு வாசலுக்கு வராது, தெருமுனைப் பெட்டிக்கு நடக்கவேணும். வேலைக்குப் போகும்போது தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போகிற நீ, கடிதம் எடுக்க மட்டும் வீட்டுச் செருப்போடு இறங்குகிறாய். ஐஸுக்கு நீ எவ்வளவு தூரம் நடக்கிறாய் என்று தெரியுமா?

1. தினமும் போகாதே. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, கடிதம் எங்கும் ஓடாது. வாரத்தில் இரண்டு தரம் போதும். பில்களை மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டால் அதுவும் குறையும். உறைமழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்குப் பெட்டியை மறந்துவிடு.

2. நேரம் பார்த்துப் போ. பகலில் உருகுகிற ஸ்னோ இரவில் மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிடும். அதனால் விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும்தான் மோசம். மதிய வெளிச்சத்தில் போ. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது நடைபாதை ஈரம்போலத் தெரிந்தால், அது ஈரமில்லை, பிளாக் ஐஸ் என்றே நினை.

3. பூட்ஸை விலை பார்த்து வாங்காதே, அடியைப் பார். குளிரில் அடி கல்லாக இறுகினால் வழுக்கும், மெத்தென்ற ரப்பர் பிடிக்கும். ரொறன்ரோவின் மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் ஒன்று பூட்ஸ்களை ஐஸ் சரிவில் சோதித்து, ‘ரேட் மை டிரெட்ஸ்’ என்ற இணையப் பட்டியலில் மதிப்பெண் போடுகிறது. வாங்குமுன் அதைப் பார். கம்பி முள் வைத்த மாட்டிகளைப் பூட்ஸில் போட்டால் ஐஸில் நல்ல பிடி. ஆனால் வீட்டுக்குள் நுழையுமுன் கழற்று, அவை டைல்ஸில் வழுக்கும்.

4. சுடுதண்ணி ஊற்றாதே! கொஞ்ச நேரத்தில் அது இன்னொரு ஐஸ் தகடாகிவிடும். முதலில் ஸ்னோவை வழித்துத் தள்ளு, பிறகு உப்பை ஐதாகத் தூவு. அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை, புல்லும் செடியும்தான் கருகும். மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைட் கலந்ததை வாங்கு, இல்லையென்றால் மணல் தூவு. மணல் ஐஸை உருக்காது, ஆனால் காலுக்குப் பிடி கொடுக்கும்.

5. பென்குயின்போல நட. அடியைச் சின்னதாக வை, பாதத்தை முழுதாகப் பதி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கு, உடம்புப் பாரம் முன்காலில் இருக்கட்டும். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். மினுங்குகிற நடைபாதையை விட ஓரத்தில் இருக்கும் ஸ்னோவில் மிதிப்பது மேல்.

6. கையைப் பொக்கற்றில் விடாதே. தடுமாறினால் சமநிலை பிடிக்கக் கை வேணும். கையுறை போட்டால் பொக்கற் தேவைப்படாது. போனைப் பார்க்காதே, கடிதத்தைப் பிரித்து வாசித்துக்கொண்டு திரும்பி வராதே. கடிதங்களைத் தோள்பையில் போடு.

7. பூட்டு உறைந்தால் மல்லுக்கட்டாதே. திறப்பை முறுக்கினால் முறியும், இழுத்தால் நீ வழுக்குவாய். பூட்டு ஐஸ் கரைக்கும் ஸ்பிரே ஒன்று வாங்கி வை. அதை ஜாக்கெட்டில் வை, காரில் வைத்தால் தேவைப்படும் நேரம் கையில் இருக்காது.

8. விழத்தான் போகிறாய் என்றால் கையை நீட்டி ஊன்றாதே, மணிக்கட்டு முறியும். முழங்காலை மடக்கி, நாடியை நெஞ்சோடு சேர்த்து, பக்கவாட்டில் சாய். விழுந்ததும் வெட்கத்தில் துள்ளி எழும்பாதே. வலி எங்கே என்று பார்த்துவிட்டு, முதலில் முட்டுக்காலில் நின்று மெல்ல எழும்பு. தலை அடிபட்டிருந்து, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரென்றால், நோகவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

9. அம்மா அப்பாவை அனுப்பாதே. “சும்மா இருக்கினம், எடுத்து வரட்டும்” என்று நினைக்கிறாயா? வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் திரும்ப நடக்க மாதக்கணக்காகும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று கனடா போஸ்ட்டில் தனி ஏற்பாடு இருக்கிறது: உதவியாளருக்கு இன்னொரு திறப்பு, நிலைமையைப் பொறுத்து வாரம் ஒருமுறை வீட்டுக்கே தபால். பெட்டியைச் சுற்றி ஐஸ் கிடந்தாலும் கனடா போஸ்ட்டிடமே முறையிடலாம், அதைத் துப்புரவாக்குவது அவர்கள் பொறுப்பு. அந்தத் தனி ஏற்பாட்டை முதல் ஸ்னோ விழுமுன் போன் அடித்து முடித்துவிடு.