கூட்டு வியாபாரத்தில் ஒருவர் விலகும்போது



புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் கடற்கரை ஊர்களிலும் நம்மவர்களின் கடைகள் பல, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கியவை. ஒருவர் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுவார். மற்றவர் மனைவியின் நகையை விற்றுப் போடுவார். "நமக்குள்ளே எதற்கு எழுத்து?" என்று தொடங்குவார்கள். ஒருவர் விலகும் நாளில்தான் அந்த எழுத்தின் அருமை தெரியும். அதன்பின் இரண்டு குடும்பங்களும் கல்யாண வீட்டில்கூட முகம் பார்ப்பதில்லை.

விலகுவது குற்றமல்ல. கூட்டு ஒப்பந்தத்தைக் கூட்டாளி முடித்துக்கொள்ளலாம் என்பதை ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. ஹனஃபி மத்ஹபில் மற்றவருக்குத் தெரிவிப்பதும் நிபந்தனை. அநீதி நுழைவது கணக்கில்தான். கூட்டாளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநீதி செய்வதை அல்குர்ஆன் ஸாத் அத்தியாயத்தின் 24ஆம் வசனம் எச்சரிக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதே. நபி (ஸல்) அவர்களுடன் நுபுவ்வத்துக்கு முன் கூட்டாக வியாபாரம் செய்த ஸாயிப் (ரலி), பல்லாண்டுகள் கழித்தும் அவர்களை வஞ்சனையும் வாக்குவாதமும் இல்லாத நல்ல கூட்டாளியாக நினைவுகூர்ந்தார். அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் இச்செய்தி உள்ளது. பிரிந்த பின்னும் நல்ல பெயர் நிற்க, நாம் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

1. நாள் குறித்து மதிப்பிடுதல். போட்ட முதலைத் திருப்பிக் கொடுப்பது கணக்கு முடித்தல் ஆகாது. எடுத்துக்காட்டாக, இருவர் ஆளுக்கு 5 லட்சம் போட்டார்கள். விலகும் நாளில் சரக்கு 12 லட்சம், வசூலாகக்கூடிய வெளிப்பாக்கி 3 லட்சம், கடை அட்வான்ஸ் 2 லட்சம், ரொக்கம் 1 லட்சம். ஆக 18 லட்சம். கொடுக்க வேண்டிய கடன் 4 லட்சம் போக, மீதி 14 லட்சம். விலகுபவரின் பங்கு 7 லட்சம். "போட்ட ஐந்தை வாங்கிக்கொள்" என்றால் 2 லட்சம் அவருடைய ஹக்கு. நஷ்டமாகியிருந்தால் அவரும் ஐந்து முழுதாகக் கேட்க முடியாது. சந்தேகமான பாக்கியைத் தனியாக எழுதி, வசூலாகும்போது பிரித்துக்கொள்ளலாம்.

அந்த நாளுக்குப் பின் வரும் லாபமும் நஷ்டமும் தொடர்ந்து நடத்துபவருடையவை. இன்ஃபோசிஸ் நிறுவனத்தை 1981இல் ஏழு பேர் தொடங்கினர். 1989இல் அவர்களில் அசோக் அரோரா விலகினார். மற்ற அறுவரும் தொடர்ந்தனர். 1993இல் அது பங்குச் சந்தைக்கு வந்து பெரிதாக வளர்ந்தது. பிற்காலம் எப்படிப் போகும் என்பது விலகும் நாளில் யாருக்கும் தெரியாது. ஆகவே அன்றைய மதிப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதே பின்னாளைய மனக்கசப்புக்கு மருந்து.

2. கடையின் பெயர். வியாபாரப் பெயருக்கும் பண மதிப்பு உண்டு என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. பெயர் யாருக்கு, அதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, விலகியவர் போட்டிக் கடை வைக்கலாம். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பழைய பெயரைப் பயன்படுத்தவோ பழைய வாடிக்கையாளர்களைத் தம் பக்கம் அழைக்கவோ கூடாது.

3. பணம் கொடுக்கும் தவணை. கணக்கு முடிக்காமல் அவர் பங்கையும் வைத்துக் கடை நடத்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் பங்குக்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ அவர் கேட்கலாம் என்கிறது அதே சட்டம். வட்டி நமக்கு ஹராம். லாபப் பங்கே நம் வழி. இடையில் அவர் மவுத்தானால் அந்தத் தொகை வாரிசுகளின் சொத்து. அதில் யத்தீம்களின் ஹக்கும் இருக்கலாம்.

4. ஊரறியச் சொல்லுதல். வாய்மொழியாக விலகியவர், சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் இன்னும் கூட்டாளியே. பொது அறிவிப்பு தராதவரை, அவரைக் கூட்டாளியாக அறிந்து கடன் கொடுத்தவர்கள் பின்னால் வந்த கடனையும் அவரிடம் கேட்கலாம். அறிவிப்பு அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ் நாளிதழிலும் வர வேண்டும்; பதிவான நிறுவனமானால் கூட்டாண்மைப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. அலுவலகத்துக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் வரிப் பொறுப்பு தொடரும். வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். பழைய கடனிலிருந்து விடுபட, கடன் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும்.

இவற்றை எழுத ஒரு ஆடிட்டரும், சாட்சிக்கு ஜமாஅத்தில் இரு பெரியவர்களும் போதும். கோபம் வந்த பிறகு பஞ்சாயத்துக்கு வருவதைவிட, கோபம் வருமுன் வருவது எளிது. கடையில் கூட்டாளி உள்ளவர்கள், எழுத்து இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால், உறவு நன்றாக இருக்கும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறர் ஹக்கைச் சுமக்காமல் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.