வெற்று யந்திரமே சரியான பரீட்சை

அரியக்குடியில் இருந்துகொண்டு, பழைய தமிழ் நூல்களின் பக்கப் படங்களைத் தேடத்தக்க எழுத்துக்களாக மாற்றும் ஒரு சிறு நிரலை நான் பராமரித்து வருகிறேன். அண்டையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுதும் சேகரித்த சுமார் ஒரு லட்சம் அச்சுப் பிரதிகளே, 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிரயத்தனத்தால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. ஆகையால் இவ்வட்டாரத்தில் வசிக்கும் ஒருவனுக்கு இத்தகைய காரியத்தில் பற்று உண்டாவது இயல்பே.

என் நிரல் டெசராக்ட் என்னும் எழுத்துணரியைச் சார்ந்தது. 2005-இல் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்ட அக்கருவியைப் பைத்தானிலிருந்து ஏவுவதற்குப் பைடெசராக்ட் என்றொரு தொகுப்பு உண்டு. அதைப் பிப் மூலம் நிறுவினால், யாதொரு குறையுமின்றி நிறுவப்பட்டதாகவே செய்தி வரும். ஆயினும் டெசராக்டும் அதற்கு அவசியமான தமிழ்த் தரவும் யந்திரத்தில் வந்து சேர்ந்திருக்கமாட்டா. பிப்பின் அதிகாரம் பைத்தான் தொகுப்புகளுடன் முடிகிறது. மற்றவற்றை, தமிழ்த் தரவுக்கென டெபியனிலும் உபுண்டுவிலும் உள்ள தனித் தொகுப்பு உட்பட, ஆப்ட் கொண்டுதான் வருவிக்க வேண்டும். எழுதுபவரின் கணினியில் இவை என்றோ குடியேறிவிட்டமையால், அவற்றின் அவசியம் அவருக்குப் புலப்படுவதே இல்லை.

எனவே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெற்று யந்திரம் ஒன்றில் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து நிறுவிப் பார்ப்பதை நான் விதியாகக் கொண்டிருக்கிறேன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒவ்வொரு பணிக்கும் புதிய மெய்நிகர் யந்திரம் தருவது இதற்குப் பெரிதும் சௌகரியம். அங்கே கேள்விக்குப் பதில் சொல்ல மனிதர் இல்லை என்பதையும் மறக்கலாகாது. உபுண்டு கன்டெய்னரில் நேர மண்டலத் தொகுப்பு, எந்தக் கண்டம் என்று வினவிவிட்டு விடை வரும்வரை நின்றுவிடக்கூடும். வினாவே எழாதபடி முன்னதாக ஆணையிட்டுவிடுவது நலம்.

தமிழில் வேலை செய்வோருக்குப் பிரத்தியேகமான சங்கடம் ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்துரு இல்லாத யந்திரத்தில் பிடிஎஃப் தயாரித்தால் பிழைச் செய்தி வராமலே, எழுத்துக்களின் ஸ்தானத்தில் வெறுங் கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஆதலால் நிறுவல் முடிந்தவுடன், டெசராக்டின் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டா, எழுத்துரு உண்டா, விடை தெரிந்த ஒரு பக்கம் சரியாக வாசிக்கப்படுகிறதா என்று சோதித்து, இல்லையெனில் அங்கேயே நிறுத்திவிடும் படி ஒன்றைச் சேர்ப்பது உசிதம்.

பதிப்பெண்களை நிச்சயமாகக் குறித்து வைப்பது இதைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம். எழுத்துணரியின் பதிப்பு மாறினால் அதே பக்கம் வேறு எழுத்துக்களாக வாசிக்கப்படலாம். பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதன் பெயரையே கேட்டிராத எண்ணற்ற திட்டங்களின் பில்ட் நின்றுபோயிற்று. நாம் கேட்டவை வேறு சிலவற்றைக் கேட்கும் என்பதனால், லாக் ஃபைலில் அவ்வழித்தோன்றல்கள் யாவும் ஹாஷ் சகிதம் இடம்பெற வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் தொகுப்பில் மறைத்து வைக்கப்பட்ட தீய நிரல் வெளிப்பட்டபோது, புதியதை உடனுக்குடன் ஏற்ற சோதனைக் கிளைகளே இலக்காயின. டெபியனின் நிலையான வெளியீடு தப்பியது. ஆகவே புதுப்பித்தலை அன்றாட பில்டோடு கலவாமல், தனிக் காரியமாக, மாதிரிப் பக்கங்களின் விளைவை முன்னும் பின்னும் பார்த்தே செய்கிறேன்.

காரைக்குடியில் பயிலும் மாணவர்கள் உதவிக்கு வரும்போது தனியாக நிறுவல் குறிப்பு எதுவும் தருவதில்லை; பில்ட் ஓட்டும் அதே ஸ்கிரிப்டைத்தான் அவர்களும் ஓட்டுகிறார்கள். தினந்தோறும் ஓடுவதால் அது பழசாவதில்லை. வேகத்துக்காகக் கேஷ் வைப்பதை எல்லாம் நிலைபெற்ற பின்னரே சேர்த்தேன். லாக் ஃபைலின் ஹாஷையே அதன் சாவியாக வைத்திருப்பதால், பட்டியலில் ஓர் எழுத்து மாறினாலும் யாவும் புதிதாக நிறுவப்படுகின்றன.