மின்சாரம் பாய்ச்சும் முன்: வால்வு ஏற்பிகளைச் சீரமைத்தல்

வீட்டு வானொலி உள்ளூர் நிலையத்தின் ஒலிபரப்பை இனிமையாகக் கேட்பதற்கென அமைந்தது. தகவல்தொடர்பு ஏற்பியோ, நெருக்கியடிக்கும் பல சமிக்ஞைகளிடையே தொலைவிலிருந்து வரும் நலிந்த மோர்ஸ் ஒலியையும் பேச்சையும் பிரித்தெடுப்பதற்காக ராணுவத்துக்கும் கப்பலுக்கும் அமெச்சூர் நிலையத்துக்கும் உருவாக்கப்பட்டது. 1935இல் வெளிவந்து, போர்க்காலத்தில் பிரிட்டனின் ஒற்றுக்கேட்பு நிலையங்களில் பணியாற்றிய அமெரிக்க நேஷனல் எச்ஆர்ஓ, 14 வால்வுகளும் (வெற்றிடக் குழாய்கள்) ஏறத்தாழ 45 கிலோ எடையும் கொண்ட ஆர்சிஏ ஏஆர்88, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த ஆர்1155, 1950களில் வந்த ரேகல் ஆர்ஏ17 ஆகியவை இவ்வகையில் சேகரிப்போர் பெரிதும் நாடுபவை. இவற்றை மீட்டெடுப்போரின் அனுபவம் காட்டுவது, பல பத்தாண்டுக் காலப் பழுதைக் காட்டிலும் மீட்பவரின் அவசரமே இக்கருவிகளை மிகுதியாகக் கெடுக்கிறது என்பதாகும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது வண்ணப்பூச்சின் பளபளப்பன்று, பிறர் கைபட்ட அளவே ஆகும். போருக்குப் பின் உபரிச் சரக்காக மலிவாய் விற்கப்பட்ட ஆர்1155 ஏற்பிகள் பலவற்றில், திசையறியும் சுற்றுகளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் மின்வழங்கியையும் ஒலிபெருக்கும் வால்வையும் அமெச்சூர்கள் பொருத்திக்கொண்டனர். அன்று அது அறிவுடைய சிக்கனமே என்றாலும், இன்று மாற்றம் காணாத கருவியே அரிதாயிற்று. வால்வைத் தேடிப் பெற்றுவிடலாம். ஆனால் எச்ஆர்ஓவின் செருகு சுருள் பெட்டிகள், அதாவது ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனியே முகப்பில் செருகும் சுருள் தொகுதிகள், குறைந்திருந்தால் அவற்றை ஈடுசெய்வது கடினம். ஆதலால் உடைந்த கருவியைவிடக் குறையுள்ள கருவியே கூடுதல் செலவு வைக்கும். போர்க்கால முகப்பு எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுரண்டுவதும் தேய்ப்பதும் ஆகாது.

கருவி மேசைக்கு வந்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆவலே முதற்பகை. வால்வு ஏற்பிகளில் ஆனோடுகளுக்குப் பொதுவாக 250 வோல்ட் அளவில் உயர் மின்னழுத்தம் செல்கிறது. அதை மட்டுப்படுத்தியும் தடுத்தும் நிற்கும் மெழுகுத்தாள் மின்தேக்கிகள் ஈரம் உறிஞ்சிக் கசியத் தொடங்கியிருக்கும். அவற்றுள் மிகக் கொடியது, ஒலிப்பெருக்க வால்வின் ஆனோடுக்கும் வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கும் இடையே நிற்கும் இணைப்புத் தேக்கி. அதன் வழியே 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும், 4,70,000 ஓம் கிரிட் தடையின்மேல் 4.7 வோல்ட் நேர்மின்னழுத்தம் தோன்றும். அப்போது வால்வு அளவுமீறிய மின்னோட்டத்தை இழுத்துத் தானும் கெட்டு, விலைமதிப்புள்ள வெளியீட்டு மின்மாற்றியையும் எரித்துவிடும். சில வோல்ட்டுகளே செலுத்தும் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இக்கசிவைக் காட்டாது ஆகையால், இத்தேக்கியைச் சோதிப்பதைவிட மாற்றிவிடுவதே நன்று. பழைய தோற்றத்தைப் பேண விரும்புவோர், மெழுகுக் குழாயைச் சூடாக்கி உள்ளீட்டை அகற்றி, சிறிய புதிய பிலிம் தேக்கியை அதனுள் வைத்து மீண்டும் மெழுகிட்டு மூடுவர். மின்வழிக்கும் சேசிஸ் எனும் உலோக அடிச்சட்டத்துக்கும் இடையிலுள்ள வடிகட்டித் தேக்கிகளை, அப்பணிக்கெனத் தரச்சான்று பெற்ற பாதுகாப்பு வகையாலேயே மாற்றவேண்டும். அவை பழுதானால் உலோகப் பெட்டியே மின்னதிர்ச்சி தரும்.

இவ்வளவும் முடிந்தபின் தரும் முதல் மின்சாரமும் படிப்படியாகவே அமைதல் வேண்டும். மின்வழியில் தொடராக ஓர் இழைவிளக்கை இணைப்பது எளிய காவல்: கருவியில் குறுக்கிணைப்பு இருந்தால் விளக்கு பிரகாசமாக எரிந்து மின்னோட்டத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும், இல்லையேல் மங்கிநிற்கும். பல்லாண்டு உறங்கிய மின்பகுளித் தேக்கிகளில் மின்காப்பாகும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். நல்ல நிலையில் உள்ளவற்றைத் தடையின் வழியே மெல்ல மின்னேற்றினால் அப்படலம் மீளும், எஞ்சியவற்றை மாற்றவேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தேக்கிகளில் உயிரை வாங்கும் மின்னேற்றம் தங்கக்கூடும். ஆகவே அதைத் தடையின் வழியே வடித்து, வோல்ட்மீட்டரால் உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் முறை. மின்மாற்றி இல்லாமல் நேர்மின்சாரத்திலும் இயங்குமாறு அமைந்த மாதிரிகளில் சேசிஸே மின்வழியுடன் நேரடியாக இணைந்திருப்பதால், பிரிப்பு மின்மாற்றியின்றி அவற்றைத் திறந்து வேலைசெய்யலாகாது.

ஏற்பி பேசத் தொடங்கிய பிறகு எழும் அடுத்த சபலம், சுருள்களின் இரும்புத்துகள் மையங்களைத் திருகிப் பார்ப்பது. சூப்பர்ஹெட்டிரோடைன் முறையில் வரும் அலை எதுவாயினும் அதை ஒரே இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றிப் பெருக்குவதால், இடைநிலைச் சுருள்கள் ஒருங்கிசைந்திருத்தல் இன்றியமையாதது. எனினும் அவை தாமாகப் பெரிதும் விலகுவதில்லை. உணர்திறன் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் மதிப்பு உயர்ந்துவிட்ட கார்பன் தடைகளும் அழுக்கேறிய அலைமாற்றிச் சுவிட்சும் தளர்ந்த வால்வுமே. இவற்றைத் தீர்த்தபின்னரும் குறை நீடித்தால் மட்டுமே, மாதிரியின் சேவைக் கையேட்டைக் கைக்கொண்டு இசைவிப்பைத் தொடங்கவேண்டும். தோற்றத்தில் ஒத்த ஏஆர்88டி, ஏஆர்88எல்எஃப் இரண்டில் முன்னதன் இடைநிலை அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸ், பின்னதன் 735 கிலோஹெர்ட்ஸ். பெயர்ப்பலகையைப் பாராமல் திருகுபவர் நல்ல கருவியைக் குலைத்துவிடுவார். இடைநிலைச் சுருள்களை முதலிலும், பின்னர் ஒவ்வோர் அலைவரிசையின் தாழ்முனையை மையத்தாலும் உயர்முனையை டிரிம்மர் தேக்கியாலும் மாறிமாறிச் சரிசெய்வதே வரிசை. திருகும் முன் ஒவ்வொரு மையத்தின் நிலையையும் குறித்துவைத்தல், பிழைநேர்ந்தால் திரும்பிச் செல்ல வழியாகும்.

மாற்றிய உறுப்புகளின் பட்டியலை அளவீடுகளோடும் நாளோடும் எழுதிக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்தல் வேண்டும். அடுத்து அதைத் திறப்பவருக்கு அந்த ஒரு தாள்போல் உதவும் கருவி வேறில்லை.