பயணமும் காலமறிதலும்

காலமறிதலுக்கென 49ஆம் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர். கடல் கடப்போர்க்கும் அஃது இன்றியமையாததாகும்.

1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டோர் புதுவையில் பலர். ஆதலின் ஒரே குடும்பத்தில் இருவகைக் கடவுச்சீட்டுகளைக் காண்கிறோம். பிரெஞ்சுக் குடியினர் ஓ.சி.ஐ. அட்டையையும் உடன்கொள்க, திரும்பி வர அது வேண்டும். பிரான்சு செல்லும் இந்தியக் குடியினர்க்கு ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் தேவை. பயணச்சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டிலுள்ளவாறே அமைதல் வேண்டும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கும் நம் வழக்கு இங்கு இடர் தரும்.

மீனம்பாக்கம் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவு. விமானம் 15ஆம் நாள் பின்னிரவு 1 மணிக்கெனில், 14ஆம் நாள் இரவு 10 மணிக்கே நாம் அங்கிருத்தல் நன்று; மாலை 5 மணிக்கே புறப்படுக. நாளை மயங்கினோர்க்கு விமானம் காத்திராது.