எல்லையோரத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்க

நான் பிறந்தது விளவங்கோடு தாலுகா, வாழ்க்கைப்பட்டது பாறசாலை. தாய்வீட்டுக்குப் போக களியக்காவிளையைத் தாண்டினால் போதும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பாடப்புத்தகம், பரீட்சை, உதவித்தொகை, இடஒதுக்கீட்டுப் பட்டியல் எல்லாமே மாறிவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் எல்லை பார்ப்பதில்லை. பள்ளிக்கூடமும் தாலுகா ஆபீஸும் பார்க்கும். இங்கே மருமகளாக வருகிறவர்களுக்கும் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அயல்கூட்டம்

வந்த உடனே குடும்பஸ்ரீயில் சேருங்கள். 1998-ல் கேரளத்தில் தொடங்கிய இந்தப் பெண்கள் அமைப்பின் அடிமட்டம் அயல்கூட்டம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவோம். பாய் விரித்து, சேமிப்புப் பணத்தை எண்ணி, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் நமக்கு வேண்டிய பேச்சு தொடங்கும்: நாலாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் எழுதும் உதவித்தொகைப் பரீட்சைகளுக்கு எந்தப் பள்ளியில் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பஞ்சாயத்தில் இப்போது எதற்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று. வந்த புதிதில் எனக்கு மலையாளம் தட்டுத்தடுமாறும். "நீ தமிழ்ல பறஞ்ஞா மதி மோளே, ஞங்ஙளுக்கு மனசிலாகும்" (தமிழில் சொன்னால் போதும் மகளே, எங்களுக்குப் புரியும்) என்றார் செயலாளர் சேச்சி. எல்லையோரத்தில் மொழி தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

வாசகசாலையில் உறுப்பினராகுங்கள்

பி.என். பணிக்கர் 1945-ல் திருவிதாங்கூர் நூலகங்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். அவர் மறைந்த ஜூன் 19 இன்றும் வாசிப்பு நாள். அதன் பலன் இங்கே ஊருக்கு ஊர் இருக்கும் வாசகசாலைகள். நாளிதழ், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக் கையேடுகள், பிள்ளைகளுக்கு வாசிப்புப் போட்டிகள் எல்லாம் அங்கே உண்டு. தமிழ்ப் புத்தகம் இல்லையே என்று வருத்தப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க மாநில நூலகக் கவுன்சில் மானியம் தருகிறது. என்ன வாங்கலாம் என்று கமிட்டி கூடும் சமயத்தில், தமிழ் வாசிக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு பட்டியல் கொடுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. கேரளத்தில் எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழிலும் பாடநூல் போடுகிறது, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் உண்டு. ஆனால் "தமிழ் உண்டா?" என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். "தமிழ் டீச்சர் நிரந்தரமா, தினக்கூலியா?" என்று கேளுங்கள். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. அதற்குப் பிறகு சேரும் பிள்ளை அந்த ஆண்டுக் கணக்கில் வராது.

மலையாளத்தையும் விட்டுவிடக் கூடாது. வீட்டில் தமிழ் இருக்கட்டும், தெருவிலும் ஆபீஸிலும் மலையாளம் வேண்டும். அதேசமயம், 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, செக்ரட்டேரியட்டுக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். பி.எஸ்.சி.யின் பல தேர்வுகளிலும் தமிழ் வினாத்தாள் உண்டு. அதை முன்கூட்டியே குறிக்க வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு முன் முடிவெடுங்கள்

எங்கள் பக்கத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்பில் தமிழ்நாட்டுப் பாட்டி வீட்டுக்கு மாற்றினால் இவை எதுவும் கிடைக்காது. கேரளத்தில் கீம் நுழைவுத்தேர்வு எழுதுகிறவர்களைக் கேரளத்தவர், அல்லாதவர் என்று பிரித்துத்தான் இடஒதுக்கீட்டுக்கு எடுக்கிறார்கள். கல்லூரி எந்தப் பக்கம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இரண்டு பக்கமும் உண்டு. தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு வரை வரும்.

ஒரே கோப்பு, ஒரே எழுத்து

என் சாதிச் சான்று விளவங்கோட்டில் வாங்கியது. பிள்ளைகளுடையது அவர்கள் அப்பா வழியில் நெய்யாற்றின்கரையில். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே அம்மாவின் சான்றை வைத்துப் பிள்ளைக்கு விண்ணப்பிக்கப் போகாதீர்கள். பெயர் இன்னொரு தலைவலி. தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால் வரும். இங்கே பின்னால் வரும், விரித்தும் எழுதுவார்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. விவரங்களைச் சரிபார்க்கப் பள்ளியில் காட்டும்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வருமானச் சான்று, நேட்டிவிட்டி (பூர்வீக) சான்று எல்லாவற்றுக்கும் அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்காமல் விடுமுறையிலேயே வாங்கி வையுங்கள்.

உங்கள் வார்டில் ஒன்றாம் வகுப்பில் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் யார் யார் என்று மே மாதமே கேட்டு வையுங்கள். பெற்றோர் சேர்ந்து போய், ஆறாவது வேலைநாளுக்கு முன்பே எல்லோரையும் ஒரே பள்ளியில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் இருந்தால்தான் தமிழ் டீச்சர் இருப்பார்.