பிள்ளை பிடிபட்டால்

மகனைப் போலீஸார் கொண்டுபோனார்கள் என்றதும் பெற்றோர் சிலர் வெட்கத்தால் வீட்டுக்குள் அடைந்துகொள்கிறார்கள். வேண்டாம், உடனே போங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கென்று நம் தேசத்தில் தனிச் சட்டம் உண்டு. 1920-ல் சென்னை மாகாணம் இயற்றிய சிறுவர் சட்டம் இதற்கு முன்னோடி. இப்பொழுது நடப்பிலிருப்பது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இதன்படி பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கலாகாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். அங்கே மாஜிஸ்திரேட்டோடு சமூக சேவகர் இருவர் அமர்வர்; அவர்களில் ஒருவரேனும் பெண்ணாயிருப்பார். குற்றம் மெய்ப்பட்டாலும் புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது மூன்றாண்டுக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்தில் வைத்துப் படிப்பும் தொழிலும் கற்பிக்கலாம்.

கொலை செய்தவனுக்கும் புத்திமதிதானா என்பீர்கள். அப்படியல்ல. 2012-ல் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், பதினாறு நிறைந்தவன் கொடுங்குற்றம் புரிந்தால் வயது வந்தவனைப் போல் விசாரிக்கவும் இச்சட்டம் வழி வைத்தது. அவனுக்கும் தூக்கு இல்லை.

பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுவது குற்றம். திண்ணைப் பேச்சைத்தான் எந்தச் சட்டத்தாலும் அடக்க முடியவில்லை! திருந்தி வந்த பையனைக் கோவில் முற்றத்தில் விரல்நீட்டிக் காட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லையேல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இலவசமாக அமர்த்துவார்கள். வயதை நிரூபிப்பதே முதல் வேலை. பள்ளிக்கூடச் சான்றையோ நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்றையோ கையோடு கொண்டுபோங்கள். ஞானஸ்நானப் பத்திரம் அந்த வரிசையில் இல்லை.