சில நாள் இழுக்கும், சில நாள் உடனே பிடிக்கும்

நோர்வூட் பக்கம் பழைய டீசல் வேன் வைத்திருப்பவர்கள் வண்டியை மேட்டில்தான் நிறுத்துவார்கள், மூக்கு பள்ளத்தைப் பார்க்க. காலையில் ஸ்டார்டர் முனகினால் பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் போதும், பிடித்துவிடும். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சாமர்த்தியத்தாலேயே சின்னக் கோளாறு வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது.

சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் அந்த உருட்டல் செல்லாது. டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினால், அவர்கள் இரவோடு இரவாக மலை ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை டிரைவருக்கு வேன்தான் வீடு. என் டொல்பின் வேனில் பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறேன். உள்ளே லைட், ரேடியோ, நாலு பேருடைய போன் சார்ஜ். விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பும்போது முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நெருக்கி நிற்கும். உருட்ட வழியே கிடையாது.

என் வேனில் வந்த தொல்லை என்னவென்றால், ஒருநாள் இழுத்து இழுத்துச் சுற்றும், மறுநாள் அதே குளிரில் சட்டென்று பிடிக்கும். "தம்பி, பேட்டரி போயிருச்சு, புதுசு போடுங்க" என்றுதான் கராஜில் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி நாளுக்கு நாள் மோசமாகும்; இன்று விழுந்து நாளை தானாக எழுந்து உட்காராது. வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இணைப்புகளை.

அதற்கும் முன்னால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டார்டர் மெதுவாகச் சுற்றுகிறதா, இல்லை வேகமாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் ஹீட்டர் பிளக், டீசல் பில்டர், லைனில் காற்று என்று அந்தப் பக்கம் போக வேண்டும். மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, வயர், ஸ்டார்டர் மூன்றுக்குள்தான் விஷயம். குளிரில் ஒயில் தடித்துப்போவதும் சேர்ந்துகொள்ளும். டீசல் என்ஜின் காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்குவது, அதைச் சுற்றிவிடுவது லேசான வேலையில்லை.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அடுத்தது ஸ்டார்டர் சுற்றும்போது பார்ப்பது. டீசல் பம்பில் எரிபொருளை நிறுத்தும் சொலனாய்டுக்கு ஒற்றை வயர் போகும். அதைக் கழற்றிவிட்டால் என்ஜின் பிடிக்காமல் சுற்றும், நிதானமாக அளக்கலாம். பத்து செகண்டுக்கு மேல் சுற்றாமல் ஸ்டார்டரை ஆறவிட வேண்டும். அப்போது பேட்டரி முனைகளில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் குறை சொல்லலாம். என்னுடையதில் பத்துக்கு மேலேயே நின்றது, ஆனால் ஸ்டார்டர் முனகியது. பேட்டரி கொடுக்கிறது, போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

எங்கே தொலைகிறது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கட்டையிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்துச் சுற்றச் சொன்னேன். கால் வோல்ட் வரை காட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றரைக்கு மேல் காட்டியது. ஸ்டார்டர் 200 ஆம்பியர் அளவில் இழுக்கும்போது நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். அவ்வளவு சின்னத் தடை, மீட்டரை ஓமில் வைத்து அளந்தால் தெரியவே தெரியாது.

இரண்டுக்கும் நடுவே போகும் எர்த் வயரைக் கழற்றினோம். பேட்டரிப் பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. என்ஜின் பக்கத்து லக்கை வளைத்தால் உள்ளே நொறுநொறுவென்று சத்தம். பிளாஸ்டிக்கைக் கீறிப் பார்த்தால் செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. மே மாதம் தொடங்கும் மழையும் மற்ற நாள் மூடுபனியும் காய விடாத ஊரில் இது ஆச்சரியமில்லை. வண்டி குலுங்கும் விதத்தைப் பொறுத்து மிச்சமிருந்த இழைகள் சில நாள் நன்றாகத் தொட்டுக்கொண்டன, சில நாள் இல்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. வண்டி இழுக்கும் அந்த நேரத்திலேயே ஜம்பர் கேபிளில் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேரே என்ஜின் பிளாக்குக்குப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். உற்சாகமாகச் சுற்றினால் எர்த் வயர்தான். கோளாறு இருக்கும்போது செய்ய வேண்டும். கராஜுக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளையாகி உடனே பிடிக்கும்.

எர்த் சரியாக இருந்தால் ப்ளஸ் பக்கத்தையும் அதே மாதிரி அளக்கலாம். அதுவும் சரியென்றால் ஸ்டார்டரைக் கழற்ற வேண்டியதுதான். சாவி திருப்பினால் "டக்" என்ற சத்தத்தோடு நின்றுபோகும் வண்டிகளில் ஸ்டார்டரின் சொலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினாலே போதும். மஸ்கெலியா ஏற்றம் ஏறி என்ஜின் சூடான பிறகு மட்டும் இழுத்தால் புஷ், கார்பன் பிரஷ் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வேன்களின் மவுசு கூடியது, பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. முழு ஸ்டார்டரையும் மாற்றச் சொல்பவரிடம் எதற்கு என்று கேட்பதில் தப்பில்லை.

உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதைப் பற்றி ஒன்று. இந்த வேனில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தது. என்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்ததும் கல்லாகிவிடும், பவர் ஸ்டீரிங்கும் இறுகிவிடும். தோட்டத்து ரோட்டு வளைவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அப்படி உருட்டுபவர்களை இன்றும் பார்க்கிறேன். உருட்டியே ஆக வேண்டுமென்றால் ஆட்களை இறக்கிவிட்டு, நேரான இடத்தில், கை ஹேண்ட்பிரேக் மேல் இருக்கட்டும்.